புது கார் பெயின்ட்: செராமிக் கோட்டிங் தேய்கிற வரை ஓட்டிய அனுபவம்

கருநீல நிறக் கார். எடுத்த கையோடு செராமிக் கோட்டிங் போட்டேன்; பெயின்டின் மேல் பூசும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு அது. முன் பம்பருக்கும் பானெட்டின் முன் பாதிக்கும் மட்டும் பிபிஎஃப் என்கிற கண்ணாடி போன்ற பிலிம் ஒட்டினேன். வருடக்கணக்கில் ஓட்டியாயிற்று, கோட்டிங் தேய்ந்து முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. பெயின்ட் இன்னும் நன்றாகவே இருக்கிறது. அதற்குக் கோட்டிங்தான் காரணமா என்று கேட்டால், பாதி ஆமாம். மீதி, கார் கழுவுகிற விதம்.

கார் பெயின்ட் பல அடுக்கு: தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அப்புறம் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரும். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். பளபளப்பு இருப்பதும் வெயிலைத் தாங்குவதும் அதில்தான். மெஷின் வைத்து ரப்பிங் போடும்போதெல்லாம் தேய்வதும் அதுதான். சர்வீஸுக்கு விடும்போது "பாலிஷ் போட்டுத் தரட்டுமா" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லிவிடுவேன்.

கோட்டிங் விற்கிறவர்கள் 9ஹெச் கடினம் என்பார்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கனிமங்களை ஒப்பிடும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்குப் பக்கத்தில் வரும் 9 வேறு. கோட்டிங்கின் தடிமனே ஓரிரு மைக்ரான்தான். கல் தெறித்தால் பெயின்ட் சில்லு போகும், சாவி பட்டால் கீறும். இரண்டையும் என் காரில் பார்த்துவிட்டேன். ஆனால் சேறு ஒட்டாமல் வழிவதும், பூச்சிக்கறை லேசாகத் துடைத்தாலே போவதும், கழுவும் வேலை சீக்கிரம் முடிவதும் நிஜம். தேய்க்க வேண்டிய தேவை குறைவதால் கீறலும் குறைகிறது. கோட்டிங்கால் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

அடர்நிறக் கார்களில் வெயில் படும் இடத்தில் சிலந்திவலை போல வட்டவட்டமாகத் தெரியுமே, அந்த நுண்கீறல்கள் பெரும்பாலும் கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவைதான். காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டுகிறோம் அல்லவா, அங்கே ஆரம்பிக்கிறது. நான் தூசியைத் தொடவே மாட்டேன். முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்கிவிட வேண்டும். அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் கையுறையை அலசச் சுத்தமான தண்ணீர். கூரையில் ஆரம்பித்துக் கீழே வரவேண்டும், கதவின் அடிப்பகுதி கடைசியில்தான். சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் கழுவும் திரவம் மெழுகுப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும், அது வேண்டாம். கார் கவரும் எனக்கு ஒத்துவரவில்லை. தூசி படிந்த வண்டி மேல் போட்டால் காற்றில் அது ஆடி ஆடியே தேய்க்கிறது.

பறவை எச்சம் தனிக் கதை. அதில் இருக்கும் அமிலம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெயிலில் கிளியர் கோட் இளகி விரிகிறது, குளிரும்போது காய்ந்து கெட்டியான எச்சத்தைச் சுற்றி அப்படியே சுருங்குகிறது. அந்தத் தடம் கழுவினாலும் போகாது. கோட்டிங் இருந்தால் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். என் காரின் கூரையில் ஒரு தடம் இருக்கிறது. ஈரத் துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து, அழுத்தாமல் எடுக்க வேண்டும்.

உப்புத் தண்ணீர் விஷயத்தில் கோட்டிங் போட்ட கார்தான் அதிகம் சிரமம் தருகிறது. தண்ணீர் முத்து முத்தாக நிற்பது பார்க்க அழகு. வெயிலில் அந்த முத்து காய்ந்தால் கால்சியம், மெக்னீசியம் எல்லாம் வட்டக் கறையாக அங்கேயே தங்கும். நிழலில் கழுவி உடனே துடைப்பதுதான் வழி. புதுக் கறை என்றால் தண்ணீர் கலந்த வினிகருக்குப் போகும், பிறகு நன்றாக அலச வேண்டும்.

பிபிஎஃப் கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது. பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் தடிமன் என்பதால் சிறு கற்களின் அடியை அதுவே வாங்கிக்கொள்கிறது. லேசான கீறல்கள் வெயில் சூட்டில் தானே மறைகின்றன. ஒரே குறை, பாதி பானெட்டில் பிலிம் முடியும் இடத்தில் அழுக்கு சேர்ந்து கோடாகத் தெரிகிறது. ஒட்டுவதாக இருந்தால் பானெட் முழுக்க ஒட்டுவது நல்லது.

டெஃப்ளான் கோட்டிங் பற்றி நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தப் பொருளின் உருகுநிலை 327 டிகிரி செல்சியஸ். தோசைக்கல்லில் அதைச் சுட்டு ஒட்டவைப்பது போலக் கார் பெயின்டின் மேல் செய்ய முடியாது. அந்தப் பெயரில் பூசுவதைச் சாதாரண வாக்ஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கூரையில் தண்ணீர் முத்தாக நிற்காமல் பரவுகிறது. கோட்டிங் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டவில்லை; அழுக்கு அடைத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். இரும்புத் துகள் நீக்கும் திரவம் அடித்துப் பார்த்தேன், பிரேக் தூள் கரைந்து ஊதாவாக வழிந்தது. கதவுகளில் முத்து திரும்பியது, கூரையில் திரும்பவில்லை. மறுபடி செராமிக் போடப்போவதில்லை. அதற்கு முன் பாலிஷ் போட்டு கிளியர் கோட்டை இன்னும் குறைப்பார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை கழுவி முடித்ததும் ஸ்பிரே சீலன்ட் என்கிற பாதுகாப்புத் திரவத்தை அடித்துத் துடைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.