டில்லமூக் விரிகுடாவில் சால்மன் பிடிக்க முன்பணம் கட்டுவோர் கவனத்துக்கு

அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் உள்ள டில்லமூக் விரிகுடாவில் சினூக் வகை சால்மன் பிடிப்பதற்காக, சென்ற அக்டோபரில் நண்பர்கள் நால்வர் ஒரு வழிகாட்டியை அமர்த்தி ஏமாந்தோம். மீன் கிடைக்கவில்லை என்று புலம்ப நான் வரவில்லை. தூண்டில் போட்டவர் எவரும் வெறுங்கையோடு திரும்புவது உண்டு, அதற்கு எந்த வழிகாட்டியும் பொறுப்பேற்க முடியாது. எங்கள் குறை வேறு.

தொலைபேசியில் பேசியவர் விவரம் தெரிந்தவராகவே இருந்தார். வில்சன், டிராஸ்க், கில்சிஸ், மயாமி, டில்லமூக் என ஐந்து ஆறுகள் இந்த விரிகுடாவில் கலப்பதையும், இலையுதிர்காலத்தில் அவற்றில் ஏறிச் செல்லும் சினூக் மீன்கள் கடல்நீர் ஏறும்போது விரிகுடாவுக்குள் வருவதையும், அந்நேரத்தில் ஹெர்ரிங் மீனை இரையாகக் கோத்து மெல்லப் படகோட்டி இழுக்க வேண்டும் என்பதையும் அவர் விளக்கிய விதத்தில் நாங்கள் மயங்கிவிட்டோம். ஆளுக்கு 250 டாலர் என்று பேசி, பாதியை முன்பணமாக அனுப்பினோம். படகில் யார் வருவார் என்று கேட்கத் தோன்றவில்லை. பேசியவரே வருவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

காலை ஆறு மணிக்குப் படகுத்துறையில் நிற்கச் சொன்னார்கள். எட்டேகாலுக்கு ஓர் இளைஞர் வந்து, முதலாளி வேறொரு குழுவுடன் போயிருப்பதாகச் சொல்லி, மீதிப் பணத்தை ரொக்கமாகவே வாங்கிக்கொண்டார். இரண்டே கால் மணி நேரத் தாமதம்தானே என்று நினைக்க வேண்டாம். அதற்குள் நீர் ஏறி முடிந்து வற்றத் தொடங்கியிருந்தது. வற்றும் நீரோடு கடற்புல் கொத்துக் கொத்தாக மிதந்து வந்து தூண்டில் நரம்பில் சிக்கியதால், தூண்டில் நீரில் கிடந்த நேரத்தைவிட நாங்கள் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரமே அதிகம்.

பிறகு அவர், விரிகுடாவின் வாயைத் தாண்டிக் கடலுக்குப் போகலாம் என்றார். படகில் நாங்கள் ஐந்து பேர்; உயிர்காப்பு மேலங்கிகளோ மூன்று. 2003 ஜூன் 14 அன்று இதே வாயைக் கடக்க முயன்ற வாடகை மீன்பிடிப் படகு ஒன்று கவிழ்ந்து 11 பேர் இறந்ததை எங்களில் ஒருவர் அறிந்திருந்தார். இயந்திரப் படகில் கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றிச் செல்பவருக்குக் கடலோரக் காவல்படையின் உரிமம் வேண்டுமே, அதைக் காட்டுங்கள் என்று அவர் கேட்டதும், உரிமம் வண்டியில் இருக்கிறது என்று பதில் வந்தது. கடலுக்குப் போக மறுத்துவிட்டோம்.

உண்மையில் என்னை அச்சுறுத்தியது அதன்பின் நடந்ததுதான். பதினொரு மணியளவில் என் நண்பரின் தூண்டிலில் மீன் மாட்டியது. வலைக்குள் வந்த உடனேயே அந்த இளைஞர், இது சிறிய சினூக், உங்கள் சால்மன் பதிவட்டையில் பதியுங்கள் என்று அவசரப்படுத்தினார். சினூக்கின் கீழ்த்தாடை ஈறு கறுத்திருக்கும். இதன் ஈறு வெளுத்திருந்தது. அது கோஹோ என்னும் வேறு சால்மன் வகை. முதுகில் வாலுக்கு முன்னே இருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பும் வெட்டப்படாமல் முழுதாக இருந்தது. பொரிப்பகத்தில் வளர்த்து விடும் மீன்களுக்குத்தான் அதை வெட்டுவார்கள் என்பதால், இது ஆற்றிலேயே பிறந்த மீன் என்பது தெளிவு. அத்தகைய கோஹோவை வைத்துக்கொள்ள அன்று அங்கே அனுமதி இல்லை. விதிமீறல் நடந்தால் அட்டையில் பெயர் உள்ளவர்தான் பதில் சொல்ல வேண்டும். துறையில் சோதனையிடும் ஒரிகான் மாநிலக் காவல்துறையினரிடம் வழிகாட்டி சொன்னார் என்று சொல்லித் தப்ப முடியாது. மீனை நீரிலேயே விடுவித்தோம். எங்களுக்கு மீன்பிடி உரிமமும் சால்மனுக்கான பதிவட்டையும் தேவையில்லை, படகுக்கு உள்ளதே எல்லாருக்கும் போதும் என்றுகூட அந்த இளைஞர் காலையில் சொல்லியிருந்தார். ஒவ்வொருவரும் தமக்கென வாங்கியே ஆக வேண்டும் என்பதை முன்பே அறிந்து வாங்கி வைத்திருந்ததால் பிழைத்தோம்.

வீடு திரும்பிய பிறகுதான், முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கட்டணம் வாங்கும் வழிகாட்டிகள் ஒரிகான் மாநிலப் படகு வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு உண்டா என்பதை யாரும் சரிபார்க்கலாம். தொலைபேசியில் பேசியவரின் பெயரும் அதில் இல்லை, படகோட்டியவரின் பெயரும் இல்லை. ஐந்து நிமிட வேலை. முன்பணம் அனுப்பும் முன், படகில் உங்களோடு வரப்போகிறவரின் முழுப்பெயரையும் பதிவு எண்ணையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாரியத்துக்குப் புகார் எழுதியிருக்கிறோம். தாமதத்தையும் மேலங்கிகளையும் உரிமத்தையும் குறிப்பிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்டு முதலாளிக்கு அனுப்பிய இரண்டு செய்திகளுக்கும் ஒரே பதில்தான் வந்தது: மீன் கடிக்காததற்கு நான் என்ன செய்ய முடியும்? மீனைப் பற்றி நாங்கள் ஒரு சொல்கூட எழுதியிருக்கவில்லை.