ஆறு வருடமாக எங்கள் வாசலில் நிற்கும் மெட்டல் டிடெக்டர் கேட்

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வாசலில் இருக்கும் மெட்டல் டிடெக்டர் கேட் என் பொறுப்பில் வந்து 6 வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் ஒரு தொல்லையும் இல்லை. மூன்றாம் வருடம், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஆளே நுழையாமல் கத்த ஆரம்பித்தது.

அவசரத்தில் சென்சிட்டிவிட்டியை, அதாவது உலோகத்தை உணரும் திறனைக் குறைத்துவிட்டேன். சத்தம் நின்றது. சரி என்று விட்டிருக்கலாம். ஆனாலும் மனசு கேட்காமல், இடுப்பில் ஒரு பெரிய ஸ்பானரைச் செருகிக்கொண்டு நடந்து பார்த்தேன். கேட் சத்தமே போடவில்லை. அன்று உண்மையிலேயே பயந்துபோனேன். அத்தனை ஜனம் நம்பி வரும் இடம் அது. உடனே பழைய அளவுக்கே ஏற்றினேன்.

வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன்தான் வழி காட்டினார். "தம்பி, மேல சீரியல் லைட் கட்டினதுல இருந்துதான் இப்படிக் கத்துது." இரவு கடை அடைத்தபின் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி. அலங்கார விளக்கின் அடாப்டர் கேட்டின் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். கேட்டின் இரண்டு பக்கப் பலகைகளுக்குள்ளும் செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவை மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்கும். உலோகம் உள்ளே வந்தால் அதற்குள் வட்டமாகச் சுற்றும் சிறு மின்னோட்டம் (சுழல் மின்னோட்டம்) பிறக்கும். அதனால் காந்தப்புலத்தில் ஏற்படும் சின்ன மாற்றத்தைத்தான் கேட் கவனிக்கிறது. மட்டமான அடாப்டரின் மின் இரைச்சலும், காற்றில் ஆடும் ரோலிங் ஷட்டரும் அதே மாதிரி மாற்றத்தைக் காட்டிவிடும். அடாப்டரைத் தள்ளி மாட்டி, வேறு லைனில் கொடுத்ததும் கேட் அமைதியானது.

கூட்டத்துக்காக இரண்டாவது கேட் வைத்தபோது இரண்டும் சேர்ந்து கத்தின. ஒன்றின் புலம் மற்றதைக் குழப்பியதுதான் காரணம். இரண்டுக்கும் வெவ்வேறு அலைவரிசை வைத்ததும் சரியாகிவிட்டது.

ஐந்தாம் வருடம் வந்ததுதான் நிஜமான பழுது. உலோகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று காட்டும் விளக்குகளில், இடது பக்கம் கீழ் விளக்கு மட்டும் அணையவே இல்லை. பிளக்கைப் பிடுங்கி, அடி மூடியைக் கழற்றினால் கனெக்டர் முழுக்கப் பச்சைப் பூத்திருந்தது. தினமும் மாப் போடும் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. துடைத்துப் பார்த்தோம், நாலு நாள்தான் தாங்கியது. கனெக்டரை மாற்றி, கேட்டை ஓர் அங்குலம் உயர்த்தி அசையாமல் போல்ட் போட்டோம். துப்புரவு அக்காவும் இப்போது அந்த இடத்தை உலர்ந்த துணியால்தான் துடைக்கிறார்.

எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று கேட் காட்டும் கணக்கை மட்டும் நான் நம்புவதில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நெருக்கியடித்து வருபவர்களை அது சரியாக எண்ணுவதில்லை. பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்திருப்பதாகச் சொல்பவர்களைப் பக்கவாட்டு வழியாக அனுப்பி, கையால் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன்.

தினமும் காலையில் கடை திறக்கும் முன் அதே ஸ்பானரோடு மூன்று முறை நடக்கிறேன்: காலருகில், இடுப்பில், தோளருகில். இப்போது பேட்டரிதான் பலவீனமாக இருக்கிறது. கரண்ட் போனால் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. அடுத்த வாரம் மாற்றப்போகிறோம்.