வெளியூர் பேக்கப்பும் ரெஸ்டிக்கும்: நான்கு வருஷ அனுபவம்

ஆறு பேர் வேலை பார்க்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி எங்களுடையது, சென்னையில். கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் மென்பொருள் கிட்; ஒவ்வொரு லேப்டாப்பிலும்தான் கிட் காப்பி இருக்கிறதே, அப்புறம் எதற்கு பேக்கப் என்று நானும் கேட்டவன்தான். 2014-இல் கோட் ஸ்பேசஸ் என்ற கோட் ஹோஸ்டிங் நிறுவனத்தின் அமேசான் கணக்குக்குள் யாரோ புகுந்து, டேட்டாவையும் பேக்கப்பையும் சேர்த்தே அழித்தார்கள். கம்பெனியே மூடப்பட்டது. அதைப் படித்தபோதுதான் உறைத்தது.

இப்போது ராத்திரி 2 மணிக்கு கிரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை) எல்லா ரெப்போவின் (ஒரு புராஜெக்டின் கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிட் களஞ்சியம்) மிரர் குளோனையும், அதாவது அச்சு நகலையும், புதுப்பிக்கும். ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் அதை என்கிரிப்ட் செய்து மும்பையில் உள்ள விபிஎஸ்ஸுக்கு (வாடகை சர்வர்) அனுப்பும். அங்கே ரெஸ்டிக்கின் பேக்கப்பை வாங்கி வைக்கும் ரெஸ்ட் சர்வர் அப்பெண்ட் ஒன்லி முறையில் (சேர்க்கலாம், அழிக்க முடியாது) ஓடுகிறது. ஆபீஸ் மெஷினுக்குள் யாராவது புகுந்தாலும் அங்கிருந்து பழைய ஸ்னாப்ஷாட்டை (அன்றன்றைக்கு எடுத்த பேக்கப்) அழிக்க முடியாது.

ஆறு மாதம் கழித்து, புது லேப்டாப்பில் பேக்கப்பை மட்டும் வைத்து பில்ட் செய்து, அதாவது கோடை ஓடும் ஆப்பாக மாற்றிப் பார்த்தோம். கோடு வந்தது, பில்ட் ஆகவில்லை. பெரிய ஃபைல்களைத் தனியே சேமிக்கும் கிட்டின் எல்எஃப்எஸ் வசதியில் வைத்திருந்தோம். மிரர் குளோன் அவற்றின் சுட்டிகளை மட்டும்தான் கொண்டுவரும். இஷ்யூக்கள், ரிவ்யூ கமெண்ட்டுகள் எதுவும் இல்லை. அவை கிட்டுக்குள் இருப்பவையே அல்ல. வயிற்றைக் கலக்கியது ஆண்ட்ராய்டு கீஸ்டோர், அதாவது ஆப் எங்களுடையதுதான் என்று கையெழுத்திடும் சைனிங் கீ உள்ள ஃபைல். ஒரே ஒருவர் லேப்டாப்பில் இருந்தது. சைனிங் கீயை நாங்களே வைத்திருந்ததால், அது தொலைந்திருந்தால் அந்த ஆப்புக்கு அப்டேட்டே போட்டிருக்க முடியாது.

ஒரு தடவை நிஜமாகவே கை கொடுத்தது. வேலையை விட்டுப் போனவரின் பிராஞ்ச் (அவர் தனியே வேலை செய்த கோடின் கிளை) மேல் யாரோ ஃபோர்ஸ் புஷ் செய்து, பழையதை மேலெழுதியிருந்தார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் லேப்டாப்பை எப்போதோ ஃபார்மட் செய்தாகிவிட்டது. மிரரும் சமர்த்தாகப் புதியதையே வாங்கி வைத்திருந்தது. ரெஸ்டிக்கின் பழைய ஸ்னாப்ஷாட்டில் இருந்து எடுத்தோம்.

குறையும் உண்டு. கிட் தன் பேக் ஃபைல்களை (கோடின் வரலாற்றைச் சுருக்கி வைக்கும் ஃபைல்கள்) மறுபடி கட்டும் நாளில், அதிகம் மாறாத ரெப்போவில் கூட நிறைய டேட்டா திரும்ப அப்லோட் ஆகலாம். ரெஸ்டிக் பாஸ்வேர்டு மறந்தால் பேக்கப்பை மீட்க வழியே இல்லை. எங்களுடையது ஒரு தாளில் எழுதி பேங்க் லாக்கரில் இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த பில்ட் சோதனை இன்னும் நடக்கிறது. போன தடவை, எங்கள் லைசன்ஸ் சர்வரின் கான்ஃபிக் ஃபைல் விடுபட்டிருந்தது.