நோக்க அறிக்கை எழுதித் தருகிறோம் என்பவர்களிடம் முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுத்துவிடாதீர்கள்

தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் சிறு தொழில் எங்களுடையது. என்னையும் சேர்த்து ஐந்து பேர். எந்த வேலையை ஏற்பது, எதை மறுப்பது என்று எங்களுக்குள் அடிக்கடி வாக்குவாதம் வந்துகொண்டிருந்தது. மிஷன் ஸ்டேட்மென்ட் என்கிறார்களே, அப்படி ஒரு நோக்க அறிக்கை இருந்தால் தெளிவு பிறக்கும் என்று நம்பினேன். அந்தச் சமயத்தில்தான் ஓர் ஆலோசகர் அறிமுகமானார்.

பேச்சில் வல்லவர். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் கதையைச் சொன்னார். 1943இல் எழுதப்பட்ட அதன் கொள்கை அறிக்கை, மருத்துவர்கள், செவிலியர்கள் உட்படத் தன் தயாரிப்புகளைப் பயன்படுத்துவோரை முதலிலும் பங்குதாரர்களைக் கடைசியிலும் வைத்தது. 1982இல் சிகாகோ பகுதியில் யாரோ அதன் டைலெனால் என்ற வலி நிவாரணி மருந்தில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது, ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் குப்பிகளை அந்த நிறுவனம் திரும்பப் பெற்றது. கதை உண்மைதான். ஆனால் அந்த அறிக்கையை எழுதியவர் வெளியாள் அல்லர், நிறுவனத்தை நடத்திய ராபர்ட் வுட் ஜான்சனே. இதை ஆலோசகர் சொல்லவில்லை. நான் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பணியாளர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் நேரில் பேசிவிட்டுத்தான் எழுதுவேன் என்று வாக்களித்தார். முழுக் கட்டணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார். பிறகு என்னிடம் இருபது நிமிடம் தொலைபேசியில் பேசியதோடு சரி. வேறு ஒருவரையும் அவர் சந்திக்கவில்லை. ஆறு வாரம் கழித்து, சட்டமிட்ட அட்டையில் இது வந்தது:

“வாடிக்கையாளர் திருப்தியை முதன்மையாகக் கொண்டு, தரத்திலும் நேர்மையிலும் சமரசமின்றி, புதுமையான தீர்வுகளை வழங்கும் முன்னணி நிறுவனமாகத் திகழ்வதே எங்கள் நோக்கம்.”

எங்களிடம் நெடுநாளாக வேலை செய்யும் பெரியவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “இதில் தையல் இயந்திரம் எங்கே, தம்பி?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு அந்த வாக்கியத்தை இணையத்தில் தேடினேன். ஒரு பல் மருத்துவமனையின் பக்கத்தில் எழுத்து மாறாமல் இருந்தது. ஒரு கட்டுமான நிறுவனத்தின் பக்கத்திலும் இருந்தது.

திருட்டு ஒருபுறம் இருக்கட்டும். அது நோக்க அறிக்கையே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. இன்று என்ன செய்கிறோம், யாருக்காக, எந்த முறையில் என்பதைச் சொல்வது நோக்க அறிக்கை. ‘முன்னணி நிறுவனமாகத் திகழ்வோம்’ என்பது நாளைக்கான ஆசை. அதைத் தொலைநோக்கு என்ற தலைப்பில் தனியாக எழுதுவார்கள். இந்த அடிப்படை வேறுபாடுகூடத் தெரியாதவரிடம் பணம் கொடுத்திருக்கிறேன்.

திருப்பிக் கேட்டபோது ஒப்பந்தத்தைக் காட்டினார். ‘ஓர் அறிக்கை வழங்கப்படும்’ என்று மட்டுமே அதில் இருந்தது. யாரிடம் பேசுவார், எத்தனை முறை திருத்தித் தருவார், புதிதாக எழுதியதா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. கையெழுத்திடும் முன் நான் பார்த்திருக்க வேண்டியவை இவை. நீங்கள் பாருங்கள். வரைவு வந்ததும் பாக்கியைத் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். அந்த வரைவில் உங்கள் பெயரை அடித்துவிட்டு வேறொரு தொழிலின் பெயரை எழுதிப் படியுங்கள். அப்படியே பொருந்தினால் ஏற்காதீர்கள்.

கடைசியில் நாங்கள் ஐவரும் உட்கார்ந்து இரண்டு மாலைகளில் எழுதி முடித்தோம்: “தையல் இயந்திரத்தை நம்பிப் பிழைப்பவரின் வேலை நிற்காதபடி, சொன்ன நாளில் பழுதுநீக்கித் தருவோம். தேயாத பாகத்தை மாற்றமாட்டோம்.” இரண்டாவது வரி அந்தப் பெரியவருடையது. அதற்குப் பிறகு, பாகங்களை அதிகம் விற்றுத் தந்தால் தரகு தருவதாக வந்த ஒருவரை மறுக்க எங்களுக்குள் விவாதமே தேவைப்படவில்லை.

ஆலோசகருக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அவர் இன்னும் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். அந்த வாக்கியத்தை மேலே முழுமையாகத் தந்திருப்பது, உங்கள் கைக்கு வரும் வரைவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத்தான்.