ஆயில் சீல் மாற்றியதாகப் பில் போட்டு, சென்சார் வயரை வெட்டிவிட்டார்கள்: பவர் வீடர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

கோபி பக்கம் வாழை வைத்திருக்கிறேன். களை எடுத்து மண்ணைக் கிளறும் பவர் வீடரின் இன்ஜினுக்கு ஆயில் சீலும் (தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் பிடிக்கும் வளையம்) பேக்கிங்கும் (கவர் சேரும் இடத்தில் கசியாமல் வைக்கும் மெல்லிய தகடு) மாற்ற டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். 2,600 ரூபாய் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர்கள் செய்துவைத்த காரியத்தால் இன்ஜினே உடைந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது ஹோண்டா ஜிஎக்ஸ்160, 163 சிசி பெட்ரோல் இன்ஜின். கிராங்க் தண்டு புல்லிப் பக்கம் வெளியே வரும் இடத்தில் ஆயில் கசிந்து, பெல்ட்டில் பட்டு, பெல்ட் வழுக்க ஆரம்பித்தது. சைடு கவரைச் சுற்றியும் ஈரம். கொஞ்ச நேரம் உழுதால் இன்ஜின் தானாக நின்றுவிடும், ஆயில் ஊற்றினால்தான் மறுபடி பிடிக்கும். இதற்குள் போகும் ஆயிலே மொத்தம் 600 மில்லிக்குள்தான். அளவு குறைந்தால், ஆயில் தேங்கும் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் இருக்கும் ஆயில் சென்சார் பிளக்கில் பொறி வராமல் செய்து இன்ஜினை நிறுத்திவிடும். அப்படி நிற்பது கோளாறு இல்லை, அதுதான் இன்ஜினுக்குக் காவல்.

கடையில் பார்த்துவிட்டு, "ரெண்டு சீலும் போயிருச்சுங்க, பேக்கிங் செட்டும் மாத்திரலாம்" என்றார். சரியான பேச்சுதான். மறுநாள் சாயந்திரம் வண்டி தயார். பில்லில் பேக்கிங் செட், ஆயில் சீல் 2, லேபர் என்று எழுதியிருந்தது. பழைய சீலைக் கேட்டேன். "அதெல்லாம் குப்பையில போட்டாச்சுங்க" என்று பதில் வந்தது.

தோட்டத்துக்குக் கொண்டு வந்து ஓட்டினால் இன்ஜின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. யாராக இருந்தாலும் வேலை நன்றாக முடிந்தது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் புல்லிக்குக் கீழே மறுபடி ஆயில் சொட்டுவதைப் பார்த்து, வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி ஆயில் மூடியைத் திறந்தேன். நிரம்பியிருந்தால் அந்த வாயின் விளிம்பு வரை ஆயில் தெரிய வேண்டும். விரல் விட்டும் எட்டவில்லை. இவ்வளவு குறைந்தும் இன்ஜின் ஏன் நிற்கவில்லை?

பக்கத்து ஊரில் ஒரு தம்பி சின்ன இன்ஜின் வேலை மட்டுமே பார்க்கிறார். என் எதிரிலேயே பிரித்தார். முதலில் கண்ணில் பட்டது கிராங்க் கேஸிலிருந்து வரும் மஞ்சள் வயர். "இந்த வயரை யாருங்கண்ணா வெட்டினது?" என்று கேட்டார். சென்சார் வயர் அது, அதை வெட்டினால் ஆயில் குறைந்தாலும் இன்ஜின் நிற்காது. வெட்டி, முனையில் டேப் சுற்றி, ஃபேன் கவருக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். வண்டி நிற்காமல் ஓடினால் நான் திரும்பி வரமாட்டேன் என்ற கணக்கு.

இந்த இன்ஜினில் ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சின்ன நாக்கு ஆயிலை வாரியடித்துத்தான் உள்ளே எல்லாவற்றுக்கும் ஆயில் போகிறது. ஆயில் மட்டம் அந்த நாக்குக்குக் கீழே இறங்கிவிட்டால் ராடு கிராங்கில் பிடித்துக்கொள்ளும். வேகத்தில் இருக்கும்போது ராடு உடைந்தால் கிராங்க் கேஸைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பது நான்தான், சில நாள் என் மகன்.

சைடு கவரைக் கழற்றினால், பழைய பேக்கிங் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே சுற்றிலும் சிலிக்கான் பேஸ்ட். சீலும் பழையதே, தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் அதன் உதடு காய்ந்து பிளாஸ்டிக் போல விறைத்திருந்தது. அதன் மேலும் வெளிப்பக்கம் பேஸ்ட் தடவியிருந்தார்கள். சுற்றுகிற தண்டின் மேல் பேஸ்ட் எப்படி நிற்கும்? வால்வு கவருக்கும் அதே பேஸ்ட்டை அப்பியதில், இன்ஜின் உள் அழுத்தம் வெளியேறும் பிரீத்தர் வழி பாதி அடைத்திருந்தது. உள்ளே சேரும் அழுத்தம் வெளியேற வழியில்லாவிட்டால் புது சீல் போட்டாலும் ஆயிலைத் தள்ளிக்கொண்டுதான் வரும்.

தம்பி செய்த வேலையையும் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். பேக்கிங்கை அலுமினியத்தில் கீறல் விழாமல் சுரண்டி எடுத்தார். சீல் உறையில் 25, 41.25, 6 என்று மில்லிமீட்டரில் அளவு (உள் விட்டம், வெளி விட்டம், தடிமன்) இருந்தது. ஸ்பிரிங் இருக்கும் பக்கம் உள்ளே பார்க்கும்படி வைத்து, சுற்றளவுக்குப் பொருத்தமான குழாயால் நேராகத் தட்டி இறக்கினார். புல்லியைப் பூட்டும் சாவி உட்காருவதற்காகத் தண்டில் இருக்கும் பள்ளத்தின் விளிம்பு சீல் உதட்டைக் கிழிக்காமல் இருக்கத் தண்டில் டேப் சுற்றி, உதட்டில் ஆயில் தடவிய பிறகே கவரை மாட்டினார். போல்ட்டுகளை ஒரே பக்கமாக முறுக்காமல் எதிரெதிராக, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில் 24 நியூட்டன் மீட்டர் வைத்து முடித்தார். பிரீத்தரைச் சுத்தம் செய்து மஞ்சள் வயரையும் திரும்ப இணைத்தார். கழற்றிய பழைய சீல் இரண்டையும் கேட்காமலேயே என் கையில் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு முதல் கடைக்குப் போனேன். "பையன் தெரியாமப் பண்ணிட்டான்" என்று 1,500 ரூபாய் திருப்பிக் கொடுத்தார் கடைக்காரர். வயரை வெட்டியது ஏன் என்று கேட்டதற்கு, வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

சீல் வேலை முடிந்து வந்த வண்டி உங்களிடம் இருந்தால் இன்றைக்கே இதைப் பாருங்கள். கிராங்க் கேஸிலிருந்து வரும் மஞ்சள் வயர் முழுதாகப் போய்ச் சேருகிறதா? கவர் விளிம்பில் பேஸ்ட் பிதுங்கி நிற்கிறதா? அதற்கு முன்னால் ஆயில் மூடியைத் திறந்து மட்டத்தைப் பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால் ஊற்றாமல் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.