பிச்சாவரமா, கோடியக்கரையா?

டிசம்பர் லீவுக்கு எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தண்ணீரில் இறங்க ஆசையா, பறவை பார்க்க ஆசையா?

தண்ணீர் என்றால் பிச்சாவரம், உப்புநீரில் வளரும் அலையாத்திக் காடு. சிதம்பரத்திலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். மோட்டார் படகு, துடுப்புப் படகு இரண்டும் உண்டு. தயவுசெய்து துடுப்புப் படகையே எடுங்கள். மோட்டார் படகு அகலமான நீர்ப்பரப்பைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். அதன் சத்தத்துக்குக் கொக்கு எழுந்து பறந்துவிடும். துடுப்புப் படகுதான் குறுகலான வாய்க்காலுக்குள் நுழையும். அங்கே கிளை தலையில் உரசும், குனிந்துதான் போகவேண்டும். சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் வேர்கள் கால் ஊன்றியது போல் சேற்றில் வளைந்து நிற்கும், அவற்றில் சின்ன நண்டுகள் ஏறி இறங்கும். விதை மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கும். விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த மரமும் இங்கே இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, அதனால் கிளையை ஒடிக்காதீர்கள்.

கோடியக்கரை வேறு உலகம். வேதாரண்யத்துக்குத் தெற்கே, 1967-இல் சரணாலயமானது. படகு சவாரியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் புல்வெளியில் வெளிமான் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குறை தெரியாது. கிடாவின் முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, கொம்பு முறுக்கிவிட்ட கயிறு மாதிரி. பக்கத்திலேயே மட்டக்குதிரைகள் மேயும். பார்க்க அழகுதான், ஆனால் மானுக்குரிய புல்லை அவையும் தின்கின்றன என்பது எனக்குக் கவலை. அப்புறம் உப்பளத்து ஓரம் பூநாரைகள். தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்று நீரை வடிகட்டியபடி வரிசையாக நகரும். உள்ளான்கள் என்ற சின்னக் கரையோரப் பறவைகளும் குளிர்காலத்தில் ஏராளமாக வந்திறங்கும். பைனாகுலர் இல்லாமல் போனால் பாதிதான் பார்த்ததாகும்.

சீசனைப் பொறுத்தவரை பிச்சாவரத்துக்கு வெயில் தாழ்ந்த எந்த மாதமும் சரி. கோடியக்கரைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான். கோடையில் பூநாரைக்காக அங்கே போகாதீர்கள்.

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பிச்சாவரத்தைச் சொல்வேன். எனக்கென்று ஒரே ஒரு நாள் கிடைத்தால், விடியுமுன்னே கோடியக்கரைக் காட்டு வாசலில் போய் நிற்பேன்.