மீன் விற்கும் செயலி: பாக்கெட் விலையா, எடை போட்ட பிறகு பில்லா?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடிகாலை ஏலம் எடுத்து, மஞ்சக்குப்பம், செம்மண்டலம் வீடுகளுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுக்கும் வியாபாரிக்கு ஒரு செயலி கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திரை அழகைப் பிறகு பார்க்கலாம். பில் தொகை எந்தக் கட்டத்தில் உறுதியாகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, சுத்தம் செய்த அரை கிலோ, ஒரு கிலோ பாக்கெட். விலை மாறாது, ஸ்டாக்கை எண்ணிக்கையாக வைத்துக்கொள்ளலாம், நிகர எடையும் தெளிவு. செயலி கட்டுபவருக்கு இது எளிது. கடைசி பாக்கெட்டில்தான் சிக்கல். கூடையில் போட்டதுமே ஒதுக்கினால், வாங்காமல் போனவரின் கூடையில் மீன் முடங்கும். பணம் வந்த பிறகே ஸ்டாக்கைக் குறைத்தால், ஒரே பாக்கெட்டுக்கு இருவரிடம் பணம் வாங்கிவிடுவோம். பணம் கட்டும் பக்கம் திறந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கிவைத்து, கட்டாவிட்டால் விடுவிப்பது நல்லது. யுபிஐ பதில் சில நேரம் தாமதமாக வரும். பதினோராவது நிமிடத்தில் பணம் வந்தால் ஆர்டரா, ரீஃபண்டா என்பதை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். ‘பணம் வந்தது’ என்ற தகவல் இரண்டு முறை வந்தாலும் ஆர்டர் ஒன்றுதான் பதிவாக வேண்டும்.

இன்னொன்று, ‘ஒரு கிலோ போல’ என்று ஆர்டர் வாங்கி, எடை போட்ட பிறகு பில். வஞ்சிரம் ஒன்று ஒன்றேகால் கிலோ நிற்கும், பக்கத்தில் கிடப்பது ஒன்றேமுக்கால் நிற்கும். முழு மீனைப் பாக்கெட் கணக்குக்குள் அடக்குவது வியாபாரிக்கும் பிடிக்காது, தலை கேட்டு வாங்குபவருக்கும் பிடிக்காது. இங்கே கடினம் பணத்தில் இருக்கிறது. கூடுதலாக வாங்கி மீதியைத் திருப்பினால், அது கணக்குக்கு வர நாளாகும், நம்பிக்கை போய்விடும். 2018-இல் வந்த யுபிஐ 2.0 ஒரு முறை மேண்டேட்டுக்கு வழி செய்தது: உச்சத் தொகைக்கு வாடிக்கையாளர் ஒப்புதல் தருவார், பணம் அவர் கணக்கிலேயே நிற்கும், பில் தொகையைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அந்த வசதி கைக்கு எட்டாவிட்டால், வாசலில் கியூஆர் காட்டி வாங்குவதே நேர்மையான வழி.

எடையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மார்க்கெட்டில் முழு எடைக்குத்தான் விலை, வெட்டுக்கூலி தனி. இறாலில் தலையும் ஓடும் போனால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். சுத்தம் செய்த பாக்கெட்டின் விலை அதனால் கொள்ளை விலை போலத் தெரியும். முழு எடை, சுத்தம் செய்த எடை இரண்டையும் ஒரே வரியில் காட்டாத செயலியை நான் ஏற்க மாட்டேன்.

என் முடிவு: இறால், நெத்திலிக்குப் பாக்கெட், வஞ்சிரம், கொடுவா போன்ற பெரிய மீனுக்கு எடை பில், வாடிக்கையாளரே உச்சத் தொகையைக் குறித்துக் கொடுக்கும் வசதியோடு. எடை அதைத் தாண்டினால் வெட்டுவதற்கு முன் போன் போக வேண்டும். பிளே ஸ்டோர் செயலியா, போன் பிரவுசரில் திறக்கும் தளமா என்றால், ஒரு ஊர்க் கடைக்குத் தளமே போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன்தான் வரும். அதனால் ஒவ்வொரு மீனும் தினமும் காலையில் ‘இல்லை’ என்றே தொடங்கட்டும். ஏலம் முடிந்து வியாபாரி தொட்டால் மட்டும் ‘உண்டு’ என மாறட்டும்.